நார்வல் நட்ட வேலி

ஆர்டிஸுக்கு எழுபத்தொரு வயது. சனிக்கிழமை விடிந்தால் போதும், ரம்பமும் நீலக் களைக்கொல்லி மருந்துப் புட்டியுமாகக் கிளம்பிவிடுவாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருபது ஏக்கர் இயற்கைக் காப்பு நிலம். தாழ்வில் ஈரப் புல்வெளி, மேட்டில் விலகி விலகி நிற்கும் ஓக் மரங்கள். அதை மூடிக்கொண்டு வளரும் ஹனிசக்கிள் என்ற அந்நியப் பழப் புதரை வெட்டி, கையோடு அடிக்கட்டையில் மருந்து தடவ வேண்டும். விட்டால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். பதினொரு வருஷமாக அவளும் நாலைந்து பேரும் சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை இது.

கொடுமை என்னவென்றால், விதை போவதே அவள் வீட்டிலிருந்துதான். கல்யாணமான புதிதில் அந்த நிலம் பக்கத்துப் பண்ணையின் மேய்ச்சல் காடு. வேலையாட்கள் பார்க்கிறார்கள், துணி காயப்போடக் கூச்சமாக இருக்கிறது என்றாள் ஆர்டிஸ். கணவன் நார்வல் மறுநாளே கொல்லைக் கோடியில் ஹனிசக்கிள் வேலி நட்டான். அது இருக்கும்வரை இப்போது அவள் உழைப்பெல்லாம் வீண்தான்.

"பறவையெல்லாம் உன் வீட்ல விருந்து சாப்பிட்டுட்டு இங்க வந்து எச்சம் போடுது, ஆர்டிஸ்," என்பாள் கூட வேலை செய்யும் ஜாய்ஸ். ஆர்டிஸுக்கு உடம்பு கூசும்.

வருஷா வருஷம் நார்வலிடம் கேட்டுப் பார்ப்பாள்.

"வேலிய எடுத்துடலாமா?"

"உனக்குன்னு நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான். அதயும் வெட்டணுமா?"

"காபி மெஷின் வாங்கிக் குடுத்தியே."

"அது தள்ளுபடில வந்தது."

பேச்சு அதோடு நின்றுவிடும்.

இந்த நவம்பரில் ஓக் மரங்கள் மொட்டையாகியும் வேலி பச்சையாகவே நின்றது. முட்டி ஆபரேஷன் ஆன நார்வல் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு சனிக்கிழமை வேறு யாரும் வருவதற்கு முன்பே போன ஆர்டிஸ், ஈர நிலத்தில் தொடைவரை புதைந்துபோனாள். கத்தினாள், கையை ஆட்டினாள். வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது, நடுவில் வேலி. அரைமணி கழித்து ஜாய்ஸ் வந்துதான் இழுத்துப் போட்டாள்.

சேறும் நடுக்கமுமாக வந்தவளை நார்வல் பார்த்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்; வேலிதான் தெரிந்தது.

மறுநாள் காலை கொல்லையில் ரம்பச் சத்தம். முக்காலியில் உட்கார்ந்து, நொண்டிக் காலை நீட்டிக்கொண்டு, அவன் வேலியை அறுத்துக்கொண்டிருந்தான்.

"வேடிக்க பாக்காத. மருந்தத் தடவு, துளிர்த்துடப் போவுது."

ஆர்டிஸ் குனிந்து கட்டை கட்டையாகத் தடவினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. மதியத்துக்குள் ஜன்னலிலிருந்து ஓக் மேடுவரை வெட்டவெளியாகிவிட்டது.

"எனக்காக நட்டதுன்னு அவ்ளோ பிடிவாதம் பிடிச்சியே?"

நார்வல் ரம்பத்தைத் துடைத்தான்.

"அப்ப, உன்ன யாரும் பாக்கக் கூடாதுன்னு நட்டேன். இப்ப நான் பாக்கணும்."