முப்பது வரை எண்ணாதவன்

"பழைய ரிப்பேர், தாங்கல போலிருக்கு." திண்டிவனத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் சொன்ன வாக்கியம் இது. இது பொய். சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். வாய் தவறி வந்ததும் அல்ல. எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று அந்த இரண்டு மூன்று நொடிகளுக்குள் யோசித்து, 'போலிருக்கு' என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் தனக்குக் கிடைக்கவிருந்த தொழிலிடத்தையும் தன் பெயரையும் இழந்தார்.

இதை எழுதுகிற மேசையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் ஒரு ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு, பக்கத்தில் பிளக் செருகும் துளைகள். ரிப்பேர் செய்கிறவர்கள் இதை சீரியல் போர்டு என்பார்கள். பழுதான ஆம்ப்ளிஃபயரை நேராகக் கரண்டில் செருகாமல் இந்தப் பல்பு வழியாகச் செருகுவார்கள். உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் பல்பு நன்றாக எரிந்தால் சந்தோஷப்படுவார்கள். நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். இயற்பியல் பேராசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "எரியக் கூடாது சார், அடங்கணும்" என்று எனக்குச் சொன்னவர் அந்த மனிதர்தான், ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்.

அவர் கடை விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கெடார் பக்கத்துக் காலனியில் பிறந்து, மைக் செட்டுக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவாமாத்தூர் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில் ஆம்ப்ளிஃபயரைத் திறக்கக் கற்றுக்கொண்டவர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். நான் அவரை 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசுவேன். அவர் என்னை 'சார்' என்பார். என் அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போய்ப் பழக்கமானேன். பிறகு வேலை இல்லாவிட்டாலும் போய் உட்கார்ந்துகொள்வேன். பழைய ஸ்பீக்கர்களை வாங்கி, அலமாரியில் வைக்கிற அளவுக்குச் சின்னப் பெட்டிகளை அவரே செய்வார். இரண்டு பெட்டிகளை ஒப்பிட அவரிடம் ஒரு வழி இருந்தது. "பாட்டு எல்லா பெட்டியிலயும்தான் சார் கேக்கும். பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு வாங்கறாங்க பாருங்க, அது எதுல கேக்குது? அதான் பெட்டி." நான் வகுப்பில் அதிர்வெண் வரைபடம் போட்டு ஒரு மணி நேரம் நடத்துவதை அவர் இப்படி முடித்துவிடுவார். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மாட்டுவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு முப்பது வரை எண்ண வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. பிறகு ஒயர் நுனியின் இழைகளை விரலால் முறுக்கி, ஓர் இழைகூடப் பக்கத்துத் துளையைத் தொடவில்லை என்று பார்த்து மாட்ட வேண்டும். அவசரமாக வந்திருக்கிற வாடிக்கையாளர் முன்னாலும் வாய்விட்டு எண்ணுவார். "இன்னாப்பா, ஸ்கூலா நடத்தற?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆமாங்க, இருபத்தி ரெண்டு, ஃபீஸ் கட்டிட்டு உக்காருங்க, இருபத்தி மூணு" என்றார்.

அவர் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். திண்டிவனத்து டாக்டரின் கிளினிக்கில் முன் அறை ஒன்று சும்மா கிடந்தது. டாக்டர் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் அவர் வீட்டில் கூடிக் கேட்போம். மெக்கானிக்குக்கு அந்த அறையைக் கேட்டது நான்தான். டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஸ்பீக்கர்களையும் மெக்கானிக் செய்த பெட்டிகளையும் கண்ணால் பார்க்காமல் கேட்டு ஒப்பிடுவது. மெக்கானிக்கின் பெட்டிகள் பாதிக்குப் பாதியாவது ஈடுகொடுத்தால் சாவியைக் கொடுத்துவிடுவார். சாவியைக் கூடத்து டீப்பாய் மேலேயே வைத்திருந்தார்.

குறுக்கே கயிறு கட்டி ஒரு வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டோம். திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும் டாக்டரின் ஆம்ப்ளிஃபயரும். ஜப்பானில் செய்தது, வெள்ளி முகப்பு, நீல வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முட்கள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் மெக்கானிக் அதைச் சரிசெய்து கொடுத்திருந்தார். ஒயர் மாற்றும் வேலை எனக்கு. மெக்கானிக்கை வெளியே வராந்தாவில் உட்காரச் சொன்னார் டாக்டர். "உன் பெட்டிச் சத்தம் உனக்குத் தெரிஞ்சிடும்பா. மூஞ்சியப் பாத்து நாங்க கண்டுபுடிச்சிடுவோம்." அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். போகும்போது என்னைப் பார்த்து, "சார், முப்பது" என்றார்.

முதல் இரண்டு இசைத்தட்டுகளுக்கும் நான் ஒழுங்காக அணைத்தேன், எண்ணினேன். இரண்டிலும் அதிகம் பேர் கை தூக்கியது மெக்கானிக்கின் பெட்டிகளுக்கு. எதற்குக் கை தூக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். மூன்றாவது தட்டின்போது டாக்டர் பொறுமை இழந்தார். "சார், நீங்க மாத்தி முடிக்கறதுக்குள்ள முன்னாடி கேட்டது மறந்துபூடுது. ஜல்தியா மாத்துங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காதின் ஞாபகம் சில நொடிகள்தான். இதை நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஒலியளவை மட்டும் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரை மாற்றினேன். மாற்றிவிட்டு ஒலியைக் கூட்டினேன். தலைமுடி அளவு செம்பு இழை ஒன்று சிவப்பு முனையிலிருந்து நீண்டு கறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்த அதே கணத்தில் உள்ளே ஒரு சின்ன வெடிப்பு. முட்கள் இரண்டும் கடைசிவரை போய் அடித்து விழுந்தன. நீல வெளிச்சம் போயிற்று. மேல் மூடியின் துளைகள் வழியாகப் புகை வந்தது.

என் கை தானாகப் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியது. திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்தார். "என்ன சார் ஆச்சி?"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

வாசனை வராந்தாவுக்குப் போயிருக்க வேண்டும். மெக்கானிக் உள்ளே வந்தார். பிளக்கைப் பிடுங்கினார். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சிறு இடுக்கியை எடுத்து, சிவப்பு முனையிலிருந்து எதையோ பிடித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நுனி உருகி உருண்ட செம்பு இழை. நான் நின்ற இடத்திலிருந்து அது எனக்குத் தெரிந்தது.

"சார், மாத்தும்போது அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன்பா."

ரைஸ்மில்காரர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவர்தான் பேசினார். "புரொபசரு எண்ணாம இருப்பாரா? ரெண்டு வாரம்கூட தாங்கல, அத்த வுட்டுட்டு அவர குறுக்கு விசாரண பண்ணிக்கினு கீற." டாக்டர் டீப்பாய் மேலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மெக்கானிக் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு செட்டைத் திறந்து எந்தப் பாகம் போயிருக்கிறது என்று தேடும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கூடத்தில் யாரும் அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று பேசவில்லை. பேசத் தேவைப்படவில்லை. என் சொல்லையும் அவர் சொல்லையும் எடைபோட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதிலேயே எல்லாம் இருந்தது. அது தோன்றாது என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு தைரியமாகப் பொய் சொன்னேன். அன்று சாயங்காலமே, பழைய செட் பிரியர்கள் வெளியூரிலிருந்தும் பலர் இருக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ரைஸ்மில்காரர், அந்த மெக்கானிக்கிடம் யாரும் செட்டைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார். படித்தேன். பேசாமல் இருந்தேன். மாதக் கடைசியில் அவர் கடை காலியானது. அந்தச் சந்துப் பக்கம் போவதையே விட்டேன்.

ஆறு வருடம் போயிற்று. போன வருடம் காது கேட்பது குறைந்து, பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சின்னச் சத்தங்கள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் உத்தேசமாக அழுத்திக்கொண்டிருந்தேன். சோதித்த பெண் கதவைத் திறந்து, "சார், இப்ப நான் சத்தமே குடுக்கலியே, எதுக்கு அழுத்தறீங்க?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கூடமும் புகையும் 'எண்ணினேன்பா' என்ற என் குரலும் ஞாபகம் வந்தன.

விசாரித்து, கூட்டேரிப்பட்டில் அவரைக் கண்டுபிடித்தேன். நெடுஞ்சாலை ஓரம், பரோட்டாக் கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. செல்போன் சார்ஜரும் இன்வெர்ட்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி ஒவ்வொன்று போகும்போதும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டுப் பெட்டி செய்த மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், புதுசா 'இருக்கீங்களா'ல்லாம்? யாராவது செத்துட்டாங்களா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அணைக்கவில்லை, எண்ணவில்லை, இழையைப் பார்த்தேன், பொய் சொன்னேன். அவர் கையிலிருந்த சார்ஜரைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?" ஒரு லாரி போகும்வரை காத்திருந்தார். "இவ்ளோ தூரம் பஸ் புடிச்சி வந்து, எனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்ட சொல்றீங்க. தெரியாதவங்க அங்க கீறாங்களே, அவங்ககிட்ட போய் சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். அதே கூடம், கிட்டத்தட்ட அதே ஆட்கள். சொன்னேன். டாக்டர் சிரித்தார். "அட, இதுக்கா சார் இவ்ளோ பீடிகை? பழைய கதை, வுடுங்க." ரைஸ்மில்காரர், "புரொபசருக்கே கை நடுங்கிப்போச்சி, இதுல இன்னா கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காபி வந்தது. ஒரு காபி வருவதற்குள் என்னை மன்னித்துவிட்டார்கள். அவரைத் தண்டித்ததும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான்.

"அந்த முன் ரூம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுல ரத்தப் பரிசோதனை லேப் வச்சாச்சி சார். அவன எதுக்கு இப்ப இழுக்கறீங்க?"

"அவர்னு சொல்லுங்க டாக்டர்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் எங்கே என்று கேட்டேன். பரணில் கிடந்தது. "எடுத்துக்கினு போங்க, எடத்த அடைச்சிக்கினு கீது" என்றார். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

வாட்ஸ்அப் குழுவிலும் நடந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். இரண்டு கட்டை விரல்கள் வந்தன. மறுநாள் காலை யாரோ பூப்படத்துடன் காலை வணக்கம் போட, என் செய்தி மேலே போய்விட்டது.

ஆம்ப்ளிஃபயரைக் கூட்டேரிப்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். போன ஃபியூஸை மாற்றி, சீரியல் போர்டில் செருகினார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. "ஷார்ட்டு அப்பிடியே கீது." அணைத்தார். முப்பது வரை எண்ணினார், இந்தமுறை வாய்க்குள்ளேயே. பிறகு, "சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்க."

மூடியை வைத்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினார். "டிரான்சிஸ்டர் எங்கிட்டயே கீது சார். அரை நாள் வேல. ஆனா நீங்க கொண்டாந்தா நான் செய்ய மாட்டேன். செஞ்சா உங்க மனசு ஆறிடும், என் பேரு அங்கியே கெடக்கும். டாக்டரு கொண்டாரட்டும்." கிளம்பும்போது சீரியல் போர்டையும் என்னிடம் கொடுத்தார். "வூட்ல வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்க. நேரா கரண்ட்ல மட்டும் போட்டுடாதீங்க. குண்டு பல்பு இப்ப கெடைக்கறதில்ல, ஒடச்சிடாதீங்க."

செட்டை மெக்கானிக்கிடம் நீங்களே கொண்டுபோங்கள் என்று சொல்ல ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டாக்டருக்கு போன் செய்கிறேன். முதலில் அடுத்த வாரம் வருகிறேன் என்றார். இப்போது எடுப்பதில்லை. போன மாதம் மெக்கானிக்கிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் குழுவில் உள்ள, நான் பார்த்தே இராத விழுப்புரத்துக்காரர் ஒருவர் என் செய்தியைப் படித்துவிட்டு அவரிடம் ஒரு செட்டைக் கொண்டுபோயிருக்கிறார். "சரி பண்ணிக் குடுத்துட்டேன் சார். பல்பு அடங்கிடுச்சி" என்றார். நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது.

டாக்டரின் ஆம்ப்ளிஃபயர் என் மேசையில், இந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று காலை அதைச் செருகிப் பார்த்தேன். உள்ளே ஏதாவது சத்தம் வந்திருந்தால் என் காதுக்கு எட்டியிராது. ஆனால் பல்பு தெரிந்தது. மங்காமல் எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, அறையில் யாரும் இல்லாதபோதும் வாய்விட்டு, முப்பது வரை எண்ணினேன். அதன் பிறகுதான் ஒயரைத் தொட்டேன்.