நான் தமிழச்சியான மத்தியானம்

மரச்சீனிக் கிழங்கு வேகும் மணம் எங்கிருந்து வந்தாலும் நான் தமிழச்சியான மத்தியானம் நினைவுக்கு வந்துவிடும். கேரளத்தின் தெற்கெல்லையில் இருக்கும் குன்னத்துகாலில் எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சுக்குள் கலந்து புழங்கின. எது எந்த மொழி என்று யாரும் கேட்டதில்லை. நானும் சுதாவும் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயது. பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு வகுப்பாகத் தலையெண்ணுவார்கள். பிள்ளைகள் குறைந்தால் ‘டிவிஷன்’, அதாவது அந்த வகுப்புப் பிரிவே, போய்விடும், அதோடு டீச்சரின் வேலையும் போகும். அதனால் தலையெண்ணலுக்கு முன்பே தமிழ் டீச்சர் வீடு வீடாக வந்து பிள்ளை பிடிப்பது ஊர் வழக்கம்.

“ரெண்டில ஒண்ணையாவது தாருங்க, ஒரு பிள்ள குறையுது” என்றார் அன்று மத்தியானம் வந்த டீச்சர்.

அம்மை மரச்சீனியைக் கிளறியபடியே யோசித்தாள். “ரெண்டையும் ஒரே கிளாஸில இருத்தினா அடிபிடியாக்கும். மூத்தவள கொண்டுபோங்க டீச்சரே.”

சற்று முன்னால் பிறந்த பாவத்துக்கு நான் தமிழ் வகுப்புக்குப் போனேன், சுதா மலையாளத்துக்குப் போனாள். மற்றவர்கள் எங்களுடையதை, தமிழரைக் கேலியாகச் சொல்லும் பெயரால், ‘பாண்டி கிளாஸ்’ என்றார்கள். கபடி என்றாலும் தமிழுக்கும் மலையாளத்துக்கும்தான். எதிர்ப்பக்கம் நின்ற சுதா என் சடையைப் பிடித்து இழுத்தாள். போகப்போக நாங்கள் கேட்ட பாட்டு, படித்த பத்திரிகை, வீட்டில் பார்த்த மாப்பிள்ளை எல்லாமே வேறு வேறாகிவிட்டன. அவள் கேரளத்திலேயே பாறசாலையில் தங்கினாள், எனக்கு நாகர்கோவிலில் வேலை கிடைத்தது.

கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறேன். மனிதப் பிரிவுகள் தாமாக முளைப்பதில்லை, நாம்தான் உண்டாக்குகிறோம். முதலில் பெயர் வைக்கிறோம், பிறகு அந்தப் பெயருக்கேற்ற ஆட்கள் உருவாகிவிடுகிறார்கள் என்று சொல்லும்போது எனக்குத் துளியும் சந்தேகம் வருவதில்லை. என்னைத் தமிழச்சியாக உண்டாக்கிய இரண்டு பேரையும் நேரிலேயே தெரியுமே.

இந்த ஆண்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு இல்லை, சேரப் பிள்ளைகள் இல்லை. திறப்பதற்கு முன்பே, கடைசி மகளையாவது அதில் சேர்க்கும்படி சுதாவிடம் போனில் கெஞ்சிப் பார்த்தேன்.

“நிங்க தமிழ்க்காரங்களுக்கு எப்பளும் ஒரு பரிபவம் உண்டு” என்றாள் அவள். பரிபவம் என்றால் தீராத மனக்குறை.

கூடப் பிறந்தவள் சொன்ன அந்த ‘நிங்க’ என்னைச் சுட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லியிருக்கலாம், டீச்சர் வந்த கதையை எடுத்துச் சொல்லிச் சிரித்திருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

“நிங்க மலையாளிங்க எல்லாரும் இப்பிடித்தான்” என்றேன்.