அண்ணன் மூன்று என்றால்

எங்கள் அண்ணன் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் அப்பா காலமானார். அண்ணன் தம் மேற்படிப்பை விட்டுவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஹட்டனில் விடுதியில் சேர்த்து ஆசிரியையாக்கியவர் அவரே. பின்னர் பரீட்சைகள் எழுதி, தோட்டம் முழுவதற்கும் 'டாக்டரய்யா' ஆனார். அளவுக் குப்பியில் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு நின்றாலும் திரும்ப ஊற்றி அளப்பார்.

அண்ணனுக்குப் பிரிட்ஜ் சீட்டாட்டம் வந்த கதை உறவினர் பலருக்குத் தெரியாது. சுதந்திரம் கிடைத்த வருடம் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். தினமும் கட்டு மாற்றப் போன அண்ணனுக்கு, பொழுது போகாத துரை படுக்கையில் கிடந்தபடியே அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். துரைமார் கிளப்பில் மூலை மடங்கிக் கழித்த சீட்டுக்கட்டொன்றும் கிடைத்தது. ஞாயிறு பிற்பகல்களில் அண்ணன் வீட்டு முன்னறையில் நால்வர் உட்காருவோம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரும் தேயிலை ஆலை டீமேக்கரும் ஒரு பக்கம். அண்ணனும் நானும் ஒரு பக்கம். காசு வைத்து ஆடியதில்லை. பெண்பிள்ளை சீட்டுப் பிடிப்பதாவது என்று முணுமுணுத்தவர்களுக்கு அண்ணி பதில் சொல்லிவிடுவார்: "அவ டீச்சர். கணக்குத்தானே போடுறா."

அந்த ஆட்டத்தில் சீட்டை இறக்குவதற்கு முன்பு ஏலம் உண்டு. பதின்மூன்று சுற்றில் எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று இரு பக்கத்தாரும் மாறி மாறிக் கேட்பார்கள். கூட்டாளியின் கையைப் பார்க்க முடியாது, கண்ஜாடையும் கூடாது. அவர் கேட்கும் கேள்வி ஒன்றை வைத்தே அவரிடம் இருப்பதை அறிய வேண்டும். பத்துப் பிடி என்று முன்கூட்டியே சொல்லி எடுத்தால் முழு ஆட்டம். சொல்லாமல் எடுத்தால் வெறும் கொசுறு.

தொடக்க நாளொன்றில் அண்ணன் "ஒரு ஆட்டின்" என்று இதயச் சீட்டைத் துருப்பாகக் கேட்டார். நான் "ரெண்டு" என்றேன். அவர் வெகுநேரம் சீட்டுகளைத் தடவிவிட்டு "மூணு" என்றார். கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் பிடிக் கணக்கு; மூன்று என்றால் ஒன்பது பிடி, நான்கு என்றால் பத்து. என் கையில் ராஜாவும் ஆசும் இருந்தும், அவர் சொன்னதே போதுமென்று, மேலே கேட்காமல் நான் "பாஸ்" சொன்னேன். பதினொரு பிடி வந்தது.

பெரிய கிளாக்கர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பதினொண்ணு கையில வச்சுக்கிட்டு ஒம்போது கேட்ட மனுசன இப்பத்தான் பாக்குறேன். டாக்டரு மருந்து அளக்குற மாதிரியே சீட்டும் அளக்குறாரு!"

"நீங்க போன ஆட்டத்துல அஞ்சு கேட்டு மூணு பிடி கவுந்தீங்களே கிளாக்கரய்யா, அதுக்கு இது தேவலை" என்றார் டீமேக்கர்.

"யோவ், நீ என் பக்கமா அவரு பக்கமா?"

நான் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். "நீங்க மூணுதானே அண்ணே சொன்னீங்க?"

"எனக்கு வாயில அவ்வளவுதான் பாப்பா வரும். மிச்சத்தை நீதான் போட்டுக்கணும்."

அன்றிலிருந்து போட்டுக்கொண்டேன். அண்ணன் மூன்று என்றால் நான் நான்கு என்பேன். பதினைந்து வருடத்தில் அந்தக் கணக்கு தப்பியது மிகச் சில தடவையே. மேசைக்கு வெளியேயும் அப்படித்தான். "கொஞ்சம் பசிக்குது" என்பார். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்.

போன ஆனி மாதம் என் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தொண்டை வீங்கி, தண்ணீர் இறங்கவில்லை. ஆள் அனுப்பியதும் அண்ணன் அடைமழையில் குறுக்குப்பாதையாக மேட்டுக்கு ஏறி, மேல் பிரிவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைப் பார்த்தார், ஊசி போட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா அண்ணே?"

"மேடு ஏறினதுல கொஞ்சம் மூச்சு வாங்குது பாப்பா. நெஞ்சுலயும் கொஞ்சம் பிடிப்பு."

"சுடுதண்ணி தரவா?" என்று கேட்டேன். பதில் வருமுன் மறு கேள்வியையும் நானே கேட்டேன்: "பிள்ளைக்கு இனிப் பயமில்லையே?"

"பயமில்ல. பொழுது சாயறதுக்குள்ள காய்ச்சல் இறங்கிரும்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் வாசல்வரைகூட வரவில்லை.

கீழ்த் திருப்பத்தில் விழுந்து கிடந்தவரை, கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் கண்டிருக்கிறார்கள். பொழுது சாய்கையில் அவர் சொன்னபடியே மகளின் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அண்ணன் கண்மூடினார்.

சற்று முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான்தான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரியம் முடிந்தபின் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அண்ணி என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, "நெஞ்சு நோவு மாசக்கணக்கா இருந்திருக்கு போல. எங்கிட்ட அந்தக் கொஞ்சத்தைக்கூடச் சொல்லல. ஒங்கிட்டத்தான் சொல்லியிருக்காரு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மழைக்குப் போர்த்தியிருந்த தம் கம்பளிகளை முடிந்து அண்ணனைச் சுமந்த கொழுந்துப் பெண்களுக்கும், இறக்கிய கொழுந்தை மழையிலேயே விட்டுவிட்டு லொறியை ஹட்டனுக்கு ஓட்டிய சிங்களச் சகோதரருக்கும், பாடையின் முன்கொம்பைக் கடைசிவரை கைமாற்றாத பெரிய கிளாக்கருக்கும் டீமேக்கருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் குறைத்தே சொல்லும் ஒருவர் இருப்பார். அவர் கொஞ்சம் என்றால் எழுந்து நில்லுங்கள்.

அண்ணே, நீங்கள் அன்றும் மூன்றுதான் சொன்னீர்கள். என் கை முழுவதும் பிள்ளை இருந்தாள். நான் பாஸ் சொல்லிவிட்டேன்.

தங்கை