துவைக்காத எட்டுச் சட்டைகள்

1887-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிறு நகரமொன்றில், சம்பளத்துக்கு ஆடிய பேஸ்பால் அணியில் லீமன் ஹஸ்கின்ஸ் ஒருவர்தான் கறுப்பர். மைதானத்தில் ஓட்டக்காரர்கள் தொட்டுப்போகும் முனைகளில் இரண்டாவது பேஸ் அவருடைய இடம்; அவர்களை ஆட்டமிழக்கச் செய்ய, சொந்த அணிக்காரர்கள் எறியும் பந்தை அங்கே நின்று பிடிக்க வேண்டும். வெறுங்கையால் பந்து பிடித்துப் பிடித்து இடக்கைச் சுண்டுவிரல் கோணிப்போயிருந்தது. எதிரணிக்காரர்கள் ஓடிவரும்போது ஆணி வைத்த பூட்ஸால் காலைக் கிழித்தார்கள். அதனால் கெண்டைக்காலில் மரத்துண்டுகளைக் கட்டிக்கொண்டு ஆடினார். இதெல்லாம் இந்தத் தொழிலில் உள்ளதுதான் என்று விட்டுவிட்டார்.

ஜூலையில் வந்த தொல்லை வேறு. சொந்த அணிக்காரனான டோலன், பந்தை வேண்டுமென்றே அவர் காலடிக்கும் தலைக்கு மேலும் எறியத் தொடங்கினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தவறிய பந்தெல்லாம் லீமனின் பிழை என்று பத்திரிகையில் வந்தது.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சாம். பேப்பர்ல போட்டிருக்கான்," என்றார் வீட்டில், மனைவி டெலியாவிடம்.

அணியின் சட்டைகளைத் துவைப்பவள் அவள்தான். சனிக்கிழமை காலை ஒன்பது சட்டைகளைத் திருப்பி அனுப்பினாள். லீமனுடையது மட்டும் கஞ்சி போட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. மற்ற எட்டிலும் போன ஆட்டத்தின் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

மேலாளர் குவிம்பி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? ஊரே பாக்க வருது. என் பசங்க பன்னிக் கூட்டமாட்டம் நிக்கணுமா?"

"என்னங்க பண்றது? டோலன் கையில பந்து வழுக்குற மாதிரி என் கையில சோப்பு வழுக்குது."

"டெலியா, விடு," என்றார் லீமன். வேலை போய்விடுமே என்று அவருக்குப் பயம்.

குவிம்பி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பசங்க ஒழுங்கா எறிஞ்சா?"

"நானும் ஒழுங்காத் துவைப்பேன்."

அன்று எட்டுப் பேரும் சேற்றுச் சட்டையோடு ஆடினார்கள். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து பந்து லீமனின் நெஞ்சுக்கு நேராக வந்தது. டோலன் கடைசிவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. லீமனும் எதிர்பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் அணி முதலாளிகள் கூடி, கறுப்பர்களை இனிமேல் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். குவிம்பியிடமிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. லீமன் நான்கு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வசந்தத்தில், ஊர் ஊராகப் போய் ஆடும் கறுப்பர் அணி ஒன்றில் சேர்ந்தார். இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆடினார். முழங்கால் மடங்க மறுத்தபோது நிறுத்திவிட்டு, டொலிடோ நகரத்தில் முடிதிருத்தும் கடை வைத்தார்.