யாரும் எடுக்க வராத சரக்கு

எங்கள் தீவில், கப்பல்கள் வந்து நிற்கும் சாத்தம் ஜெட்டியருகே ஒரு சரக்கு ஆபீசில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர், நிரந்தர முகவரி இல்லாத என்னை ஊழியனாக ஏற்கவில்லை. அதனால் மேனேஜர் என்னையும் ஒரு சரக்காகப் பதிந்து, அதை வைத்தே கேட் பாஸ் எடுத்துத் தந்தார்.

பிறகு மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினார்கள். யாரும் எடுக்க வராத பழைய சரக்குகளின் பதிவுகளை அழித்துவிட்டார்களாம். மறுநாள் கேட்டில் என் பாஸ் செல்லவில்லை.

"உன்னை எவனும் டெலிவரி எடுக்கலையேப்பா, அதான் தூக்கிட்டாங்க," என்று மேனேஜர் சிரித்தார்.

"திரும்ப ஏத்துங்க சார்."

"இனிமே எல்லாம் அங்கேருந்துதான். என் கையில குச் நஹி, ஒண்ணுமில்ல."

பக்கத்து ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை கேட்டேன். அங்கேயும் முதலில் முகவரிதான் கேட்டார்கள். அந்தச் சரக்கு ஆபீசின் முகவரியைச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.