உள்ளே மானிட்டர், வெளியே டிவி

கம்ப்யூட்டரின் படத்தைத் திரைக்கு அனுப்பும் வீடியோ கார்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார் தவசி. கருகிய வாடை அடித்தால் கடைக்காரரிடம் பேச்சே கிடையாது, வைத்துவிட்டு நடந்துவிடுவார். வாடை இல்லையென்றால் வெளிச்சத்தில் திருப்பி, பின்னால் இருக்கும் துளைகளைப் பார்ப்பார். மானிட்டருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. இரண்டும் இருக்க வேண்டும்.

அபிராமத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் திருப்புளி. யாருடைய பெட்டியைத் திறந்தாலும் முதலில் பல்லியைத் தேடுவார். "கதகதப்புக்கு வந்து படுத்துக்கிரும் சார். நம்ம தெருவுல இருக்கதவிட அதுக்கு நல்ல வீடு" என்பார். பேசும்போது ஆளைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்ப்பார்.

இந்தக் கோடை முழுக்க அவருக்கு வீடியோ கார்டு கவலைதான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று தவசியின் கிராமத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார். மேலத்தெருப் பொதுக்கட்டடத்தில் அதை வைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் தவசி ரிப்பேர் செய்யப் போகலாம். அவர் மகள் செவ்வந்தி படிக்கப் போகக் கூடாது. காலனிப் பிள்ளைகள் யாருமே போகக் கூடாது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது எறியலாம்.

நிலபுலன் உள்ள சேதுராமன் ஒரு வழி சொன்னாராம். "ஏலே தவசி, எங்க புள்ளைக உள்ள உக்காந்து பாக்கட்டும். ஒங்க புள்ளைகளுக்குச் சன்னலுக்கு வெளிய டிவி வச்சு விடு. படம் ஒண்ணுதானப்பா." தவசி தலையாட்டிவிட்டு, அரசாங்கம் தன் வீட்டுக்குக் கொடுத்த இலவச டிவியையே தூக்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்தார். கம்பியில் ஓடும் மின்சாரத்தை யாரும் சாதி கேட்டு நிறுத்தவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமியை நிறுத்திவிட்டார்கள்.

முதல் கார்டில் டிவிப் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. இராமநாதபுரத்தில் மாற்றி வாங்கிய இரண்டாவதில் வண்ணம் வந்தது, எழுத்து கலங்கியது. மதுரைக்குப் போய் மூன்றாவது வாங்கினார். அதிலும் அப்படியே.

"டிவி சினிமா காட்டத்தான் சார் ஆகும். எழுத்தக் கரைச்சிருது" என்றார். எழுத்தைப் பெரிதாக்கினால் வெளியிலும் படிக்கலாம். ஆனால் உள்ளே திரையில் நாலு சொல்லுக்கு மேல் நிற்காது. பெரிதாக்கிப் பார்த்தார், உள்ளே இருந்தவர்கள் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார்.

பிள்ளைகள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்தால் கார்டே வேண்டாமே என்று கேட்டேன். பெட்டிக்குள் குனிந்து கார்டின் திருகை முறுக்கினார்.

"என்னால கார்டத்தான் சார் மாத்த முடியும்."

வகுப்பு தொடங்கிய அன்று நானும் போயிருந்தேன். மானிட்டரில் தெரிந்த வரியை உள்ளே இருந்த பிள்ளைகள் வாசித்தார்கள். மரத்தடிப் பிள்ளைகள் திரையை விட்டுவிட்டுச் சன்னலுக்குக் காது கொடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொன்னார்கள். சேதுராமனுக்குப் பூரிப்பு. "பாத்தியாலே, ரெண்டு பக்கமும் ஒண்ணாப் படிக்குது" என்றார்.

செவ்வந்தி மட்டும் வாய் திறக்கவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு திரைக்கு ஒரு முழத் தூரம்வரை நகர்ந்து வந்துவிட்டாள். இரண்டு கண்ணையும் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அய்யா, எழுத்து ஒண்ணும் தெரியல. தூசி அடைஞ்சு கெடக்கு. தொடச்சு விடுங்க."

தவசி எழுந்து வந்தார். மகளுக்கும் டிவிக்கும் நடுவில் குந்தி, சட்டை நுனியை இழுத்து, தூசியே இல்லாத அந்தக் கண்ணாடியை மூலைமூலையாகத் துடைக்க ஆரம்பித்தார்.