டர்போ காரின் இடது சீட்டு

மலைமேல் மூஞ்சிக்கல்லில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் சிவமுருகனுக்குக் காதில் கோளாறு என்று டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. வேறு வேலையாக வந்து நிற்கிற வண்டியின் பானெட்டிலும் காதை வைத்து, "டொக்குங்குதா?" என்று கேட்பார். கேலி பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது? அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கல்லவா தெரியும்.

ஜீப்புக்கு ஒயரிங் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், டர்போ கார்களுக்கு வெளியில் வாங்கிய ஈசியூ மாட்டத் தானாகப் பழகிக்கொண்டார். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று சொல்கிற மூளை அது. லேப்டாப்பைச் சொருகி அதற்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மலையில் காற்று மெலிசு, கீழே கனம். மேலே படித்த பாடத்தோடு கீழே போய் அழுத்தினால், பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் டொக்கு டொக்கென்று அடித்துப் பிஸ்டன் உருகிவிடும். அதனால் வேலை முடிந்ததும் வண்டிக்காரரோடு அவரும் பழனிக்கு இறங்குவார். அடிவாரத்தில் வண்டிக்குப் பூசை. அதற்கு முன்னால் பாலசமுத்திரம் பக்கத்து நேர் ரோட்டில், இடது சீட்டில் லேப்டாப்போடு இவருடைய பூசை.

கோகுலின் சிவப்புக் காருக்கு மட்டும் அந்த இரண்டாவது பூசை நடக்கவில்லை. மாதக் கார்த்திகை அன்றே பழனிக்குப் போயாக வேண்டும் என்று கோகுல் பறந்தான். சீசன் நேரம், ஷெட் நிறைய ஜீப்பு. "தம்பி, மெதுவா போயிட்டு வந்துருங்க, அழுத்திறாதீங்க. மத்தத நாளைக்குப் பாத்துக்கிருவோம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மடத்தனம்! புது மூளை மாட்டிய காரை நேர் ரோட்டில் எவன் மெதுவாக ஓட்டுவான்? லாரியை முந்துகையில் இன்ஜின் இறுகி, கார் வலப்பக்கப் புளியமரத்தில் மோதியது. கோகுல் பிழைக்கவில்லை. இடது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவர் காதில் டொக்கு புகுந்தது.

இப்போது அதே கார் ஷெட் வாசலில் நின்றது. கோகுலின் மனைவி ஸ்வேதா மதுரையில் கொடுத்து நசுங்கினதைச் சரிசெய்து, வேறு இன்ஜின் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பழனிக்குத் தானே ஓட்டிப் போகப்போகிறாளாம். அந்த ஈசியூ பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டலாம் என்று சிவமுருகன் கெஞ்சாத குறைதான்.

"அவரு ஆசப்பட்டு மாட்டச் சொன்னது, இருக்கட்டும்ணே. பாக்கி வேலைய முடிச்சுக் குடுங்க."

மாட்டேன் என்றால் அவளும் தனியாகத்தான் இறங்குவாள். பயத்தை விழுங்கிக்கொண்டு இடது சீட்டில் ஏறினார். மலை இறங்கியதும் நேர் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தச் சொல்லி, லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார். கடைசியில் முழுசாக அழுத்தச் சொன்னார். கார் சீறியது. திரையில் ஒரு குறையும் இல்லை. அவர் காதில் மட்டும் டொக்கு டொக்கு.

"சத்தம் எதும் கேக்குதாம்மா?"

"இல்லையேண்ணே."

புளியமரத்தருகே வண்டியை ஓரங்கட்டினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்குத் தனியாப் போகாதீங்கன்னு சாவியப் பிடுங்கப் போனேன். 'சிவமுருகண்ணன் கூட வர்றாரு'ன்னாரு. அதான் விட்டேன். ஆஸ்பத்திரில அவரப் பாத்ததும், உங்களுக்கு என்னாச்சுன்னுதான்ணே மொதல்ல கேட்டேன்."

சிவமுருகன் இறங்கிப்போகக் கதவில் கை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். பூசைக்கு இன்னும் பழனி போக வேண்டியிருந்தது.